செல்பேசி வலையமைப்புகளில் அதிர்வெண் ஒதுக்கீடு

செல்பேசி வலையமைப்புகளில் அதிர்வெண் ஒதுக்கீடு என்பது, ஒரு சேவை நிறுவனத்துக்குக் கிடைத்துள்ள வரையறுக்கப்பட்ட வானொலி அதிர்வெண்களை அதன் தள நிலையங்களுக்கு இடையே பகிர்ந்தளிக்கும் முறை ஆகும். ஒரே அதிர்வெண்ணை இரண்டு நிலையங்கள் அருகருகே பயன்படுத்தினால் ஒன்றின் அலை மற்றொன்றைக் கெடுக்கும். போதிய தொலைவு விட்டுப் பயன்படுத்தினால் கெடுக்காது. எனவே எந்த அதிர்வெண்ணை எந்த நிலையத்துக்குக் கொடுப்பது, அதே அதிர்வெண்ணை எவ்வளவு தொலைவுக்கு அப்பால் மீண்டும் கொடுப்பது என்பவையே இத்துறையின் அடிப்படைக் கேள்விகள் ஆகும்.

அதிர்வெண் என்பது நிலக்கரி போலவோ எண்ணெய் போலவோ பயன்படுத்தத் தீர்ந்துபோகும் பொருள் அன்று. ஓர் உரையாடல் முடிந்த மறுகணமே அதே அதிர்வெண் அடுத்த உரையாடலுக்குக் கிடைக்கிறது. ஆயினும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் அதை ஒருவர் மட்டுமே பயன்படுத்த இயலும் என்பதால் அது அரிய வளமாகிறது. சில நூறு அலைவரிசைகளைக் கொண்டு ஒரு பெருநகரின் பல இலட்சம் மக்களுக்குச் சேவை அளிக்க முடிவது, அதே அலைவரிசைகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதால்தான்.

சொல் விளக்கம்

ஓர் உரையாடலைச் சுமக்கும் அளவுக்குப் பிரிக்கப்பட்ட அதிர்வெண் துண்டு அலைவரிசை எனப்படும். பேசவும் கேட்கவும் தனித்தனி அதிர்வெண் தேவை என்பதால், பெரும்பாலான செல்பேசி முறைகளில் ஓர் அலைவரிசை என்பது இரண்டு அதிர்வெண்கள் சேர்ந்த ஓர் இணையைக் குறிக்கும். தொடர்ச்சியாக அமைந்த அதிர்வெண்களின் தொகுதி அலைக்கற்றை எனப்படுகிறது.

தமிழ்ச் செய்தித்தாள்களில் "அலைக்கற்றை ஒதுக்கீடு" என்ற தொடர் பெரும்பாலும் அரசு நிறுவனங்களுக்கு உரிமம் வழங்குவதையே குறிக்கிறது. 2008 ஆம் ஆண்டில் வழங்கப்பட்ட 122 உரிமங்களை இந்திய உச்ச நீதிமன்றம் 2012 பெப்ரவரியில் நீக்கியபோது பரவலாகப் பேசப்பட்டது இந்தப் பொருளில்தான். இக்கட்டுரை கூறுவது அதற்கு அடுத்த படியை, அதாவது உரிமம் பெற்ற நிறுவனம் தன் அலைக்கற்றையைத் தன் நிலையங்களுக்குள் பங்கிடுவதை ஆகும். முன்னது சட்டமும் பொருளியலும் சார்ந்தது; பின்னது வடிவியலும் நிகழ்தகவும் சார்ந்தது.

"செல்பேசி" என்பதில் உள்ள "செல்" என்பதைச் செல்லுதல் என்னும் தமிழ் வினையாகப் பலர் பொருள் கொள்வதுண்டு. அப்பொருளும் பொருத்தமாகவே அமைந்துவிட்டது. எனினும் அச்சொல் ஒரு தள நிலையம் சேவையளிக்கும் சிறு பரப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. அப்பரப்பு இக்கட்டுரையில் கலம் எனப்படுகிறது. ஆகவே அக்கருவியின் பெயரே அதிர்வெண் ஒதுக்கீட்டு முறையிலிருந்து பிறந்தது எனலாம்.

பின்னணி: ஒற்றைக் கோபுர முறை

ஐக்கிய அமெரிக்காவின் செயின்ட் லூயிசு நகரில் 1946 ஜூன் 17 அன்று வண்டிகளில் பொருத்தும் தொலைபேசிச் சேவை தொடங்கியது. அதன் அமைப்பு வானொலி ஒலிபரப்பை ஒத்தது. நகரின் உயரமான இடத்தில் ஆற்றல் மிக்க ஒரே பரப்பி நிறுவப்பட்டு, ஏறத்தாழ 50 கிலோமீட்டர் சுற்றளவுக்கு அதுவே சேவை அளித்தது. இம்முறையில் ஓர் அலைவரிசையில் ஒருவர் பேசினால், நகர் முழுவதிலும் வேறு எவரும் அந்த அலைவரிசையைப் பயன்படுத்த இயலாது. பக்கத்து நகரிலும் அதைப் பயன்படுத்த முடியாது.

இதன் விளைவு நியூயார்க் நகரில் தெளிவாகத் தெரிந்தது. ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் வாழ்ந்த அந்நகர்ப் பகுதியில் 1976 ஆம் ஆண்டில் பெல் நிறுவனத்தின் நகர்பேசிச் சேவைக்கு இருந்தவை 12 அலைவரிசைகள். அவற்றைக் கொண்டு 543 வாடிக்கையாளர்களுக்கு மட்டுமே சேவை அளிக்க முடிந்தது. காத்திருப்போர் பட்டியலில் 3,700 பேருக்கும் மேல் இருந்தனர். இணைப்பு பெற்றவர்களுக்கும் பெரும்பாலான நேரம் அலைவரிசை கிடைக்கவில்லை. இந்நிலையில் இன்னும் சில அலைவரிசைகளைச் சேர்த்தாலும் பெரிய மாற்றம் ஏற்படாது. அலைவரிசைகளைப் பத்து மடங்காக்கினால்கூட ஒரே நேரத்தில் பேசக்கூடியவர்கள் 120 பேர் மட்டுமே. குறை அலைவரிசைகளின் எண்ணிக்கையில் மட்டும் இருக்கவில்லை. அவை பயன்படுத்தப்பட்ட முறையிலும் இருந்தது.

கலங்களும் மீள்பயன்பாடும்

இதற்கான தீர்வு மிக முன்னரே, 1947 டிசம்பரில், பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த டக்ளசு ரிங் எழுதிய ஓர் உள்குறிப்பில் முன்வைக்கப்பட்டது. அவருடன் பணியாற்றிய ரே யங் இதற்குத் துணை நின்றார். ஒரு பெரிய பரப்பியை நிறுவுவதற்குப் பதிலாக, ஆற்றல் குறைந்த பல பரப்பிகளை நகரெங்கும் நிறுவ வேண்டும். ஒவ்வொன்றும் ஒரு சிறு கலத்துக்கு மட்டும் சேவை அளிக்க வேண்டும். ஒரு கலத்தில் பயன்படுத்திய அலைவரிசைகளைச் சில கலங்கள் தள்ளி மீண்டும் பயன்படுத்த வேண்டும் என்பதே அக்கருத்து. இதைச் செயற்படுத்த நூற்றுக்கணக்கான அலைவரிசைகளுக்குத் தானே மாறிக்கொள்ளும் கருவியும், ஒரு கலத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் அழைப்பைத் துண்டிக்காமல் கைமாற்றும் கணினிகளும் தேவைப்பட்டன. 1947 இல் இவை இல்லை. அமெரிக்காவில் வணிக அடிப்படையிலான முதல் செல்பேசிச் சேவை 1983 அக்டோபர் 13 அன்று சிக்காகோவில் தொடங்கியது. அதற்கு முன்பே 1979 இல் சப்பானிலும், 1981 இல் வட ஐரோப்பிய நாடுகளிலும் இத்தகைய சேவைகள் தொடங்கியிருந்தன.

கணக்கீட்டு வசதிக்காகக் கலங்கள் அறுகோணங்களாக வரையப்படுகின்றன. இடைவெளியின்றித் தளத்தை நிரப்பக்கூடிய ஒழுங்கு வடிவங்கள் முக்கோணம், சதுரம், அறுகோணம் ஆகிய மூன்றே. அவற்றுள் அறுகோணமே வட்டத்துக்கு மிக நெருங்கியது. உண்மையான கலங்கள் கட்டடங்களாலும் மேடுபள்ளங்களாலும் ஒழுங்கற்ற வடிவில்தான் அமையும். எந்த நகரிலும் அறுகோணக் கலம் என ஒன்று இருந்ததில்லை.

எல்லா அலைவரிசைகளையும் ஒருமுறை முழுமையாகப் பங்கிட்டுக்கொள்ளும் கலங்களின் குழு கொத்து எனப்படும். ஒரு கொத்தில் 7 கலங்கள் இருந்தால் ஒவ்வொரு கலத்துக்கும் ஏழில் ஒரு பங்கு அலைவரிசைகள் கிடைக்கும். பின்னர் அதே கொத்து நகர் முழுவதும் திரும்பத் திரும்ப அடுக்கப்படும். அறுகோண அடுக்கில் கொத்தின் அளவு விரும்பிய எண்ணாக இருக்க முடியாது. ஒரு கலத்திலிருந்து நேராக i கலங்கள் சென்று, 60 பாகை திரும்பி, j கலங்கள் சென்றால் அதே அலைவரிசைகளைக் கொண்ட அடுத்த கலம் வரும். இதன்படி கொத்தின் அளவு i² + ij + j² என அமையும். அதாவது 1, 3, 4, 7, 9, 12, 13 என்பன போன்ற எண்களே இயலும். 7 என்பது i = 2, j = 1 என்பதற்கு உரியது.

கொத்தின் அளவு N எனவும், கலத்தின் ஆரம் R எனவும், ஒரே அலைவரிசைகளைக் கொண்ட இரு கலங்களின் மையங்களுக்கு இடையிலான தொலைவு D எனவும் கொண்டால், D/R = √(3N) ஆகும். ஒரு கலத்தைச் சுற்றி இத்தகைய கலங்கள் ஆறு இருக்கும். நகர்ப்புறத்தில் அலையின் ஆற்றல் தொலைவின் நான்காம் அடுக்குக்கு ஏற்பக் குறைகிறது எனக் கொண்டால், வேண்டிய குறிகைக்கும் ஆறு கலங்களிலிருந்து வரும் குறுக்கீட்டுக்கும் உள்ள விகிதம் தோராயமாக (3N)²/6 ஆகும். N = 7 எனில் இது 441/6, அதாவது 73.5, டெசிபெல்லில் ஏறத்தாழ 18.7. N = 4 எனில் 13.8 டெசிபெல்லும், N = 3 எனில் 11.3 டெசிபெல்லும் கிடைக்கும். ஒப்புமைக் குறிகையைப் பயன்படுத்திய முதல் தலைமுறை அமெரிக்க முறையில் தெளிவான பேச்சுக்கு 18 டெசிபெல் தேவை எனக் கொள்ளப்பட்டது.

மேற்கண்ட வாய்பாட்டில் கவனிக்க வேண்டியது, அதில் R தனியாக இடம்பெறவில்லை என்பதாகும். குறுக்கீட்டை முடிவு செய்வது D/R என்ற விகிதமே ஒழிய, கலம் எவ்வளவு பெரியது என்பது அன்று. ஆகவே கலங்களின் ஆரத்தைப் பாதியாக்கி, பரப்பிகளின் ஆற்றலையும் அதற்கேற்பக் குறைத்தால், பேச்சின் தரம் மாறாது. ஆனால் அதே நிலப்பரப்பில் நான்கு மடங்கு கலங்கள் அமையும். எடுத்துக்காட்டாக, 395 பேச்சு அலைவரிசைகளைக் கொண்ட நிறுவனம் ஒரு நகரை 7 கலங்களால் நிரப்பினால் ஒரே நேரத்தில் 395 பேர் பேசலாம். ஆரத்தைப் பாதியாக்கி 28 கலங்கள் அமைத்தால் 1,580 பேர் பேசலாம். மேலும் ஒருமுறை பாதியாக்கினால் 6,320 பேர் பேசலாம். அலைக்கற்றை ஓர் ஏர்ட்சுகூடக் கூடவில்லை. கலப்பிளப்பு எனப்படும் இம்முறையின் விலை கூடுதல் கோபுரங்களும், கூடுதல் கைமாற்றங்களும் ஆகும். அலைக்கற்றைக்குப் பதிலாகக் கோபுரங்களைக் கொண்டு கொள்ளளவை வாங்குவது எனவும் இதைக் கூறலாம்.

பிரிவுகளும் அண்டை அலைவரிசைகளும்

கலத்தின் எல்லையில் நிற்பவருக்கு மேற்கண்ட 18.7 டெசிபெல் கிடைக்காது. அவருக்குச் சொந்த நிலையம் தொலைவிலும், குறுக்கிடும் நிலையங்களுள் சில அருகிலும் இருக்கும். கட்டடங்களின் மறைப்பும் சேர்ந்துகொள்ளும். இதனால் ஏட்டுக் கணக்கை அப்படியே நம்பி ஒதுக்கீடு செய்வதில்லை. எல்லாத் திசைகளிலும் அலை பரப்பும் ஓர் ஆன்டெனாவுக்குப் பதிலாக, 120 பாகை அளவுக்கு மட்டும் பரப்பும் மூன்று ஆன்டெனாக்களைப் பொருத்தி, கலத்தை மூன்று பிரிவுகளாக்குவது வழக்கம். அப்போது ஒரு பிரிவுக்குக் குறுக்கிடும் கலங்கள் ஆறிலிருந்து இரண்டாகக் குறைகின்றன. இன்றும் கோபுரங்களின் உச்சியில் நீண்ட பலகை போன்ற ஆன்டெனாக்கள் மூன்று திசைகளை நோக்கி நிற்பதைக் காணலாம்.

ஒரே அதிர்வெண்ணால் வரும் குறுக்கீடு தவிர, அடுத்தடுத்த அதிர்வெண்களாலும் குறுக்கீடு ஏற்படும். எந்த வடிகட்டியும் கத்தியால் வெட்டியது போல ஓர் அலைவரிசையைப் பிரிப்பதில்லை. கோபுரத்தின் அடியில் நிற்பவரின் வலிய அலை, கலத்தின் விளிம்பில் நிற்பவரின் மெலிந்த அலையை விழுங்கிவிடக்கூடும். இதைத் தவிர்க்க ஒரு கலத்துக்கு அடுத்தடுத்த அலைவரிசைகளைக் கொடுப்பதில்லை. அமெரிக்க முதல் தலைமுறை முறையில் 7 கலங்களும் ஒவ்வொன்றிலும் 3 பிரிவுகளும் சேர்ந்து 21 குழுக்கள் இருந்தன. முதல் குழுவுக்கு 1, 22, 43 என்றும், இரண்டாம் குழுவுக்கு 2, 23, 44 என்றும் அலைவரிசைகள் அளிக்கப்பட்டன. ஓர் அலைவரிசையின் அகலம் 30 கிலோ ஏர்ட்சு என்பதால், ஒரு குழுவுக்குள் அடுத்தடுத்த அலைவரிசைகளின் இடைவெளி 630 கிலோ ஏர்ட்சு ஆனது.

நெரிசல் கணக்கு

ஒரு கலத்துக்கு எத்தனை அலைவரிசைகள் போதும் என்பதைக் கணிக்க உதவுவது, கோபன்கேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய டேனியக் கணிதவியலாளர் அக்னர் எர்லாங் 1917 இல் வெளியிட்ட வாய்பாடு ஆகும். ஓர் அலைவரிசை ஒரு மணி நேரம் முழுவதும் பயன்பாட்டில் இருந்தால் அது ஓர் எர்லாங் போக்குவரத்து ஆகும். நெரிசல் மிகுந்த நேரத்தில் நூறு அழைப்புகளுள் இரண்டு மட்டும் அலைவரிசை இன்றித் திரும்பலாம் எனக் கொண்டால், 10 அலைவரிசைகள் ஏறத்தாழ 5.1 எர்லாங் போக்குவரத்தைத் தாங்கும். 20 அலைவரிசைகளோ 10.2 அன்று, 13.2 எர்லாங்கைத் தாங்கும். அலைவரிசைகள் பெரிய தொகுதியாக இருக்கும்போது ஒவ்வொன்றும் கூடுதலாகப் பயன்படுகிறது. வங்கியில் ஒவ்வொரு சாளரத்துக்கும் தனித்தனி வரிசை வைப்பதைவிட, எல்லாச் சாளரங்களுக்கும் பொதுவாக ஒரே வரிசை வைப்பது விரைவாக இருப்பதற்கும் இதுவே காரணம்.

இங்கு ஒரு முரண் எழுகிறது. குறுக்கீட்டைக் குறைப்பதற்காகக் கொத்தைப் பெரிதாக்கினாலோ, கலத்தைப் பிரிவுகளாக்கினாலோ, ஒவ்வொரு பிரிவுக்கும் கிடைக்கும் தொகுதி சிறுத்துவிடுகிறது. பேச்சின் தரம் உயரும்போது இணைப்பு கிடைக்கும் வாய்ப்பு குறைகிறது. அதிர்வெண் ஒதுக்கீட்டின் நுட்பம் பெரும்பாலும் இவ்விரண்டுக்கும் இடையே இணக்கம் காண்பதில்தான் அடங்கியுள்ளது.

இதற்கு இந்தியாவின் தொடக்க கால நிலை நல்ல எடுத்துக்காட்டு ஆகும். இந்தியாவில் செல்பேசிச் சேவை 1995 இல் தொடங்கியது. ஜிஎஸ்எம் முறையிலான சேவைக்குத் தொலைதொடர்பு வட்டங்களில் தொடக்கத்தில் நிறுவனம் ஒன்றுக்கு, ஒவ்வொரு திசைக்கும் 4.4 மெகா ஏர்ட்சு வரை அளிக்கப்பட்டது. ஜிஎஸ்எம்மில் ஒரு சுமப்பியின் அகலம் 200 கிலோ ஏர்ட்சு. எனவே மொத்தம் 22 சுமப்பிகள். வழக்கமான 4 கலங்கள், 12 பிரிவுகள் கொண்ட கொத்தில் இவற்றைப் பங்கிட்டால், 10 பிரிவுகளுக்கு இரண்டு சுமப்பிகளும் 2 பிரிவுகளுக்கு ஒன்றும் கிடைக்கும். ஒரு சுமப்பியில் 8 நேரத்துண்டுகள் உள்ளன. இரண்டு சுமப்பிகளின் 16 துண்டுகளுள் இரண்டு கட்டுப்பாட்டுக்குப் போனால் 14 பேச்சுக்கு எஞ்சும். அவை எர்லாங் வாய்பாட்டின்படி 8.2 எர்லாங்கைத் தாங்கும். நெரிசல் மணியில் ஒருவர் சராசரியாக ஒன்றரை நிமிடம் பேசுகிறார் எனக் கொண்டால், ஒரு பிரிவு 328 பேருக்குப் போதும். ஒரே சுமப்பி கிடைத்த பிரிவில் பேச்சுக்கு 7 துண்டுகளே எஞ்சும். அவை ஏறத்தாழ 2.9 எர்லாங்கை, அதாவது 117 பேரைத் தாங்கும். சுமப்பி பாதியானால் வாடிக்கையாளர் எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றே மேலாகச் சுருங்கிவிடுகிறது. மக்கள் நெருக்கம் மிகுந்த நகரங்களில் கோபுரங்களை நெருக்கமாக நிறுவ வேண்டியிருந்ததற்கு இக்கணக்கு ஒரு முக்கியக் காரணம் ஆகும்.

அழைப்பு தொடங்கும்போதே அலைவரிசை கிடைக்காமற் போவதைவிட, பேசிக்கொண்டிருக்கும்போது அடுத்த கலத்தில் இடமின்றி அழைப்பு அறுபடுவதே பயனர்களுக்கு மிகுந்த எரிச்சலூட்டும். ஆகவே பல வலையமைப்புகள் ஒவ்வொரு கலத்திலும் சில அலைவரிசைகளைப் புதிய அழைப்புகளுக்குத் தராமல், கைமாறி வரும் அழைப்புகளுக்கென ஒதுக்கி வைக்கின்றன. இதனாலும் மொத்தக் கொள்ளளவு சற்றுக் குறையும்.

நிலையான ஒதுக்கீடும் மாறும் ஒதுக்கீடும்

ஒவ்வொரு கலத்துக்கும் இன்னின்ன அலைவரிசைகள் என முன்கூட்டியே முடிவு செய்து, அதை மாற்றாமல் வைத்திருப்பது நிலையான ஒதுக்கீடு ஆகும். இது எளியது, ஆனால் மக்கள் ஓரிடத்தில் நிலையாக இருப்பதில்லை. காலையில் அலுவலகப் பகுதிக் கலங்களில் அலைவரிசைகள் போதாமல் அழைப்புகள் திரும்ப, குடியிருப்புப் பகுதிக் கலங்களில் அவை சும்மா கிடக்கும். மாலையில் நிலை தலைகீழாகும். தேர்த் திருவிழாவோ மட்டைப்பந்துப் போட்டியோ நடக்கும் நாளில் எந்த முன்கணிப்பும் பயன்படாது.

இக்குறையைப் போக்க முதலில் எண்ணப்பட்டது கடன் பெறும் முறை ஆகும். தன் அலைவரிசைகள் அனைத்தும் தீர்ந்த கலம், அண்டைக் கலத்தில் சும்மா இருக்கும் ஒன்றைத் தற்காலிகமாகப் பெற்றுக்கொள்ளும். ஆனால் இக்கடனுக்கு வட்டி உண்டு. கடன் கொடுத்த கலத்தில் மட்டுமன்றி, கடன் பெற்ற கலத்துக்கு அருகில் அதே அலைவரிசையை உரிமையாகக் கொண்ட பிற கலங்களிலும் அதைப் பூட்டி வைக்க வேண்டும். நெரிசல் மிகும்போது எல்லாக் கலங்களும் கடன் கேட்கும். பூட்டப்பட்ட அலைவரிசைகளும் பெருகும். முடிவில் கடனே இல்லாத நிலையைவிட மோசமாகிவிடக்கூடும்.

மாறும் ஒதுக்கீட்டில் எந்தக் கலத்துக்கும் சொந்த அலைவரிசை கிடையாது. எல்லாம் ஒரு பொதுத் தொகுதியில் இருக்கும். ஓர் அழைப்பு வந்ததும், அந்நேரத்தில் அருகில் எங்கும் பயன்படாத ஓர் அலைவரிசை தேர்ந்தெடுக்கப்பட்டு வழங்கப்படும். அழைப்பு முடிந்ததும் தொகுதிக்குத் திரும்பும். பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த டொனால்டு காக்சு, டக்ளசு ரூடிங்க் ஆகியோர் 1970களின் தொடக்கத்தில் இம்முறையைக் கணினிப் பாவனை வழியாக ஆராய்ந்தனர். போக்குவரத்து குறைவாகவோ, இடத்துக்கு இடம் மாறுபட்டோ இருக்கும்போது மாறும் ஒதுக்கீடு சிறந்து விளங்குகிறது. எல்லாக் கலங்களிலும் சீராக நெரிசல் மிகும்போது நிலையான ஒதுக்கீடே முந்துகிறது. முதலில் இது வியப்பாகத் தோன்றலாம். நிலையான ஒதுக்கீட்டில் ஒரே அலைவரிசை மிகக் குறைந்த பாதுகாப்பான தொலைவில் மிகச் சரியாக அடுக்கப்பட்டுள்ளது. மாறும் ஒதுக்கீட்டில் அழைப்புகள் வந்த வரிசைக்கேற்ப அது ஆங்காங்கே விழுவதால், இடைத்தொலைவு தேவைக்கு மேல் நீண்டு, இடம் வீணாகிறது. பேருந்தில் முன்பதிவின்றி ஆங்காங்கே அமர்ந்தவர்களால், சேர்ந்து வரும் குடும்பத்துக்கு இடமில்லாமற் போவது போன்றது இது. இரண்டு முறைகளின் நன்மைகளையும் பெற, ஒரு பகுதி அலைவரிசைகளை நிலையாகவும் எஞ்சியவற்றைப் பொதுவாகவும் வைக்கும் கலப்பு முறைகள் பின்னர் உருவாயின.

மாறும் ஒதுக்கீடு முழுமையாக வெற்றி பெற்ற இடம் பெரிய வலையமைப்புகள் அன்று. வீடுகளிலும் அலுவலகங்களிலும் பயன்படும் டெக்ட் வகைக் கம்பியில்லாத் தொலைபேசிகளே. ஐரோப்பாவில் 1880 முதல் 1900 மெகா ஏர்ட்சு வரையிலான பட்டையில் 10 சுமப்பிகளும், ஒவ்வொன்றிலும் 12 நேரத்துண்டு இணைகளுமாக 120 அலைவரிசைகள் உள்ளன. கைக்கருவியே அவற்றை அளந்து பார்த்து, குறுக்கீடு மிகக் குறைந்ததைத் தேர்ந்துகொள்கிறது. எவரும் திட்டமிடாமலே அடுக்குமாடிக் குடியிருப்பில் பக்கத்துப் பக்கத்து வீட்டுக் கருவிகள் ஒன்றையொன்று கெடுக்காமல் இயங்குவது இதனால்தான்.

கணிதச் சிக்கலாக

ஒவ்வொரு கலத்தையும் ஒரு புள்ளியாகவும், ஒன்றையொன்று கெடுக்கக்கூடிய இரு கலங்களை ஒரு கோட்டால் இணைத்தும் வரைந்தால் ஒரு கோட்டுரு கிடைக்கும். அதிர்வெண்களை நிறங்களாகக் கருதினால், கோட்டால் இணைந்த எந்த இரு புள்ளிகளுக்கும் ஒரே நிறம் வராதபடி மிகக் குறைந்த நிறங்களால் தீட்டுவதே ஒதுக்கீட்டுச் சிக்கல் ஆகிறது. இத்தொடர்பை மெட்சுகர் என்பவர் 1970 இல் சுட்டிக்காட்டினார். வில்லியம் ஏல் 1980 இல் வெளியிட்ட கட்டுரை இதை முறைப்படுத்தியது.

எந்த நிலப்படத்தையும் நான்கு நிறங்களால் தீட்டலாம் என்னும் நான்கு நிறத் தேற்றம் 1976 இல் நிறுவப்பட்டது. அவ்வாறெனில் நான்கு அதிர்வெண் குழுக்கள் போதாவா என்ற ஐயம் எழலாம். போதா. நிலப்படத்தில் எல்லையைப் பகிரும் நாடுகள் மட்டுமே வேறுபட வேண்டும். அலைகளோ எல்லைக்கோட்டுடன் நிற்பதில்லை. அடுத்த கலத்துக்கு அடுத்த கலத்தையும் அவை கெடுக்கும். மேலும் ஒரு கலத்துக்கு ஒரு நிறம் அன்று, பல நிறங்கள் வேண்டும். அந்நிறங்களுக்கு இடையிலும் குறிப்பிட்ட இடைவெளி வேண்டும்.

பொதுவான கோட்டுருவுக்கு மிகக் குறைந்த நிறங்களைக் கண்டறிவதற்கு விரைவான வழிமுறை எதுவும் அறியப்படவில்லை. ரிச்சர்டு கார்ப் 1972 இல் பட்டியலிட்ட 21 கடினச் சிக்கல்களுள் இதுவும் ஒன்று. கலங்கள் கூடக்கூட, சரிபார்க்க வேண்டிய ஒதுக்கீடுகளின் எண்ணிக்கை எந்தக் கணினிக்கும் எட்டாத அளவுக்குப் பெருகும். ஆகவே நடைமுறையில் சிறந்த விடைக்கு நெருங்கிய விடையைத் தேடும் உத்திகளே பயன்படுகின்றன. கடினமான கலத்துக்கு முதலில் ஒதுக்கும் எளிய முறை முதல், உலோகம் மெல்லக் குளிர்வதைப் போலத் தேடலைப் படிப்படியாக இறுக்கும் முறை, மரபணுப் படிமுறை வரை இவை பலவகைப்படும்.

இத்தகைய முறைகளை ஒப்பிடப் பயன்படும் புகழ்பெற்ற கணக்கு பிலடெல்பியாச் சிக்கல் ஆகும். 1973 இல் ஆண்டர்சன் என்பவர் முன்வைத்த இதில் 21 அறுகோணக் கலங்கள் உள்ளன. அவற்றுக்கு மொத்தம் 481 அலைவரிசைகள் தேவை. ஒரு கலத்துக்கு மட்டும் 77. இதன் முதல் வடிவில் ஒரே கலத்துக்குள் அலைவரிசைகள் குறைந்தது 5 எண் இடைவெளியிலும், அண்டைக் கலங்களில் 2 எண் இடைவெளியிலும் இருக்க வேண்டும். 77 வேண்டிய கலத்துக்கே 76 × 5 = 380 எண் அகலம் தேவை. அண்டைக் கலங்களின் தேவையும் சேரும்போது 426 க்குக் குறைவான அகலத்தில் எந்த ஒதுக்கீடும் இயலாது என்பதும், 426 இல் இயலும் என்பதும் நிறுவப்பட்டுள்ளன. இங்கு கவனிக்கத்தக்கது, மொத்த வலையமைப்பின் தேவையை முடிவு செய்வது பெரும்பாலான கலங்கள் அன்று, நெரிசல் மிகுந்த ஒரு கலமும் அதன் அண்டை அயலும் மட்டுமே என்பதாகும்.

உண்மை வாழ்வில் நிறுவனங்களுக்கு அகலத்தைக் குறைக்கும் உரிமை இல்லை. உரிமத்தில் உள்ள அகலம் மாறாதது. எனவே குறுக்கீடே இல்லாத ஒதுக்கீட்டைத் தேடாமல், இருக்கும் அகலத்துக்குள் மொத்தக் குறுக்கீட்டை மிகக் குறைப்பதையே அவை நோக்கமாகக் கொள்கின்றன. இதே கணிதம் 2016–17 இல் அமெரிக்காவில் தொலைக்காட்சி நிலையங்களிடமிருந்து 84 மெகா ஏர்ட்சு அலைக்கற்றையை மீட்ட ஏலத்திலும் பயன்பட்டது. ஏலத்தின் ஒவ்வொரு படியிலும், எஞ்சிய நிலையங்களைக் குறைந்த அலைவரிசைகளுக்குள் குறுக்கீடின்றி அடைக்க முடியுமா என்ற நிறந்தீட்டல் கேள்விக்குக் கணினி விடை காண வேண்டியிருந்தது.

குறுக்கீட்டைப் பொறுத்துக்கொள்ளும் முறைகள்

எண்ணிமக் குறிகைகளில் பிழை திருத்தும் குறிகளைச் சேர்க்க முடிவதால், அவை ஒப்புமைக் குறிகைகளைவிடக் கூடுதலான குறுக்கீட்டைத் தாங்கும். ஜிஎஸ்எம் முறைக்கு 9 டெசிபெல் போதும் என அதன் தரநிலை கூறுகிறது. ஆகவே கொத்துகள் சிறுத்தன. மேலும் ஜிஎஸ்எம்மில் ஓர் அழைப்பு நொடிக்கு 217 முறை அதிர்வெண் மாறித் தாவ முடியும். இதனால் ஒரே ஒருவர் தொடர்ந்து பாதிக்கப்படுவதற்குப் பதிலாக, குறுக்கீடு எல்லாருக்கும் சிறிது சிறிதாகப் பகிரப்படுகிறது. சிறிதளவு கெட்ட பகுதியைப் பிழை திருத்தம் சரிசெய்துவிடும். நிறுவனங்கள் கட்டுப்பாட்டுச் சுமப்பிகளைப் பெரிய கொத்திலும், தாவும் பேச்சுச் சுமப்பிகளை மிக நெருக்கமாகவும் ஒதுக்கின.

1993 இல் தரநிலையாக்கப்பட்ட ஐஎசு-95 எனும் குறிமுறைப் பகுப்பு முறை இதன் எல்லைக்கே சென்றது. அதில் எல்லாக் கலங்களும் ஒரே அதிர்வெண்ணைப் பயன்படுத்துகின்றன. உரையாடல்களைப் பிரிப்பவை குறிகளே. கொத்தின் அளவு 1. அதிர்வெண் ஒதுக்கீடே தேவையற்றுப் போனது போலத் தோன்றினாலும், அச்சிக்கல் வேறு உருவில் திரும்பி வந்தது. ஒவ்வொரு கருவியின் ஆற்றலையும் நொடிக்கு 800 முறை சரிசெய்தால்தான் அருகில் உள்ளவர் தொலைவில் உள்ளவரை மூழ்கடிக்காமல் இருப்பார். பயனர்கள் கூடும்போது குறுக்கீடு உயர்ந்து, கலத்தின் பரப்பே சுருங்கும். அலைவரிசைகளைப் பங்கிடும் வேலை ஆற்றலைப் பங்கிடும் வேலையாக மாறியது.

2009 டிசம்பரில் ஸ்டாக்ஹோம், ஆசுலோ நகரங்களில் வணிகச் சேவையாகத் தொடங்கிய எல்டிஈ எனும் நான்காம் தலைமுறை முறையில் இரண்டும் இணைகின்றன. அதில் அலைக்கற்றை 180 கிலோ ஏர்ட்சு அகலமுள்ள கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு ஆயிரத்தில் ஒரு நொடிக்கும் யாருக்கு எந்தக் கட்டம் என்பது புதிதாக முடிவு செய்யப்படுகிறது. கோபுரத்துக்கு அருகில் உள்ளவர்கள் எல்லாக் கலங்களிலும் ஒரே அதிர்வெண்ணைப் பயன்படுத்தலாம். குறுக்கீட்டால் பாதிக்கப்படுபவர்கள் விளிம்பில் இருப்பவர்களே. எனவே விளிம்புப் பயனர்களுக்கு மட்டும் மூன்று கலக் கொத்து போன்ற பிரிவினையைக் கையாளுவது பகுதி மீள்பயன்பாடு எனப்படுகிறது. அண்டைத் தள நிலையங்கள் தாம் எந்தக் கட்டங்களில் வலிய அலை பரப்பப்போகின்றன என்பதை ஒன்றுக்கொன்று தெரிவித்துக்கொள்ளவும் இத்தரநிலை வழி செய்கிறது.

ஒதுக்கீட்டை நிறுவன எல்லைகளுக்கு அப்பாலும் கொண்டு செல்லும் முயற்சி அமெரிக்காவில் 3550 முதல் 3700 மெகா ஏர்ட்சு வரையிலான பட்டையில் நடைபெறுகிறது. கடற்படை ரேடார்கள் பயன்படுத்தி வந்த இப்பட்டையில் 2020 சனவரியில் முழுமையான வணிகப் பயன்பாட்டுக்கு ஒப்புதல் அளிக்கப்பட்டது. இங்கு எந்தத் தள நிலையமும் தானாகப் பரப்பத் தொடங்க முடியாது. தன் இருப்பிடத்தைக் கூறி, தானியங்கித் தரவுத்தளம் ஒன்றிடம் அதிர்வெண் கேட்டுப் பெற வேண்டும். ரேடார் பயனர்களுக்கு முதல் உரிமையும், ஏலத்தில் உரிமம் பெற்றவர்களுக்கு இரண்டாம் உரிமையும், ஏனையோருக்கு எஞ்சியதும் என மூன்று அடுக்குகள் உள்ளன. கடலோரத்தில் நிறுவப்பட்ட உணரிகள் ரேடார் அலையைக் கண்டறிந்தால், அப்பகுதி நிலையங்கள் வேறு அதிர்வெண்ணுக்கு மாற்றப்படுகின்றன அல்லது நிறுத்தப்படுகின்றன.